கடலைக்காய் பரிஷேக்கு 18 பேர்: பசவனகுடிக்குப் பாரமாகாமல் கூட்டிப் போவது எப்படி?

ஜெயநகர்வாசி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். கோவை, சேலம் பக்கமிருந்து 18 பேர் பெங்களூருக்கு வருகிறார்கள். வயது 30 முதல் 68 வரை. பரிஷே (பசவனகுடியில் வருடாவருடம் நடக்கும் நிலக்கடலைச் சந்தைத் திருவிழா), பெரிய பசவண்ணர் (நந்தி) கோயில், காந்தி பஜார், அந்தப் பக்கத்துப் பழைய சிற்றுண்டிக் கடைகள் எல்லாம் பார்க்க வேண்டும் என்கிறார்கள். தமிழ்க் கார்த்திகை கடைசி வாரம், சனி ஞாயிறு என்று யோசித்திருக்கிறோம். ஒரு வேன், ஒரே குழு, ஆறு இடத்தில் சாப்பாடு.

எந்தக் கடையில் தோசை நன்றாக இருக்கும் என்ற பட்டியல் எனக்கு வேண்டாம், அது எங்கும் கிடைக்கிறது. 18 பேர் போய் இறங்கினால் அந்தத் தெருவுக்கு என்ன ஆகும், பணம் யார் கைக்குப் போகும், குப்பை எங்கே போகும் என்பதைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திட்டத்தில் தவறு இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

---

காந்திபஜார்_நடை

முதல் தவறு தேதியிலேயே இருக்கிறது சார். டிக்கெட் போடுவதற்கு முன் இதைச் சரி செய்யுங்கள்.

பரிஷே நடப்பது கன்னடப் பஞ்சாங்கக் கார்த்திகையின் கடைசி சோமவாரம். அது சாந்திரமானம்: தீபாவளி அமாவாசைக்கு மறுநாள் தொடங்கி அடுத்த அமாவாசையோடு முடியும். நம் கார்த்திகை சூரிய மாதம், நவம்பர் நடுவில்தான் பிறக்கும். 2025-ல் கடைசி சோமவாரம் நவம்பர் 17; தமிழில் அன்றுதான் கார்த்திகை பிறந்தது. நம் காலண்டரைப் பார்த்து கார்த்திகைக் கடைசி வாரம் வந்தவர்கள் வெறும் தெருவைத்தான் பார்த்திருப்பார்கள். அதனால் தீபாவளி அமாவாசைக்கு அடுத்து வரும் அமாவாசையைப் பாருங்கள், அதற்கு முன்னால் வரும் திங்கட்கிழமையைப் பிடியுங்கள்.

இரண்டாவது, சனி ஞாயிறு மாலை வேண்டவே வேண்டாம். கடைகள் வார இறுதியிலேயே போட்டுவிடுவார்கள். ஊர்க்கூட்டம் முழுக்க ஞாயிறு மாலை 5 மணிக்கு மேல் கோயிலை ஒட்டிய புல் டெம்பிள் ரோட்டில்தான் நிற்கும். அந்த நேரத்தில் 18 பேரை ஒன்றாக நகர்த்த முடியாது. நீங்கள் நகர்த்தப் பார்த்தால் பின்னால் வருகிறவர்கள் நிற்பார்கள், நடைபாதைக் கடைக்காரர் சரக்கு மிதிபடும். திங்கள் காலை 6 முதல் 8.30 வரை வாருங்கள். குவியல் புதிதாக இருக்கும், வியாபாரிக்குப் பேச நேரம் இருக்கும்.

வேனையும் விட்டுவிடுங்கள். சாலையை அடைத்திருப்பார்கள், வேன் பக்கத்துக் குறுக்குத் தெருவில் வீட்டு வாசலை மறித்து நிற்கும். பரிஷேயைப் பற்றி அங்கே குடியிருப்பவர்கள் சொல்லும் பெரிய குறையே இதுதான். மெஜஸ்டிக்கிலிருந்து மெட்ரோ பச்சை வழித்தடத்தில் நேஷனல் காலேஜ் நிலையம். அங்கிருந்து காந்தி பஜார் வழியாகக் கோயிலுக்கு நடக்கலாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நிலையத்திலிருந்து ஆட்டோ.

---

பை_டூ_காபி

ஆறு இடத்தில் சாப்பாடு என்று எழுதியிருக்கிறீர்கள். கடைக்காரர் பக்கத்திலிருந்து ஒரு கணக்கு.

தர்ஷினி என்பது நின்று சாப்பிடும் கடை. ஒருவர் வந்து சீட்டு வாங்கி, தட்டை முடித்து, கை கழுவிப் போக 10 நிமிடம். இந்த வேகம்தான் அவர்கள் விலையைக் குறைவாக வைக்க இடம் கொடுக்கிறது. 18 பேர் 40 நிமிடம் மேசைகளைச் சுற்றி நின்றுகொண்டு, வழிகாட்டி நடுவில் வரலாறு சொன்னால், அந்தக் கடைக்கு நீங்கள் வருமானமே இல்லை, நஷ்டம். தினமும் வேலைக்குப் போகிற வழியில் சாப்பிடுகிறவர் வாசலைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். அவர்தான் வருடம் முழுக்க அந்தக் கடையைக் காப்பாற்றுகிறவர்.

செய்ய வேண்டியது: ஆறு ஆறாக மூன்று குழு, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பொறுப்பாளர், 25 நிமிட இடைவெளி. மூன்றும் ஒரே திசையில் போகாமல் வேறு வேறு முனையில் தொடங்கினால் இன்னும் நல்லது. சீட்டைப் பொறுப்பாளர் மட்டும் வரிசையில் நின்று வாங்கட்டும். விளக்கம் எல்லாம் வெளியே, மரநிழலில். கடைக்குள் பேச்சே வேண்டாம்.

ஆறு பேருக்கு நின்று சாப்பிடும் கடையில் அளவு: இரண்டு இட்லி உள்ள தட்டு 3, காராபாத் (ரவை உப்புமா) 3, கேசரிபாத் 2, காபி பை டூ கணக்கில் (ஒரு காபியை இருவர் பகிர்வது) 3. இதற்கு மேல் வாங்கினால் அடுத்த கடையில் மிச்சம் வைப்பார்கள். ஒரு காலைக்கு மூன்று இடம் போதும். ஆறு இடம் என்றால் நான்காவதிலிருந்து தட்டில் உணவு மிஞ்சும்.

உட்கார்ந்து சாப்பிடும் கடைக்குக் கணக்கு வேறு. ஒரு மசாலா தோசையை மூன்று பேர் பகிர்ந்தால் மூன்று நாற்காலிக்கு ஒரு தோசை வருமானம், வாசலில் பெயர் கொடுத்துக் காத்திருப்பவர்கள் அப்படியே நிற்பார்கள். அங்கே ஆளுக்கு ஒரு தோசை, இல்லாவிட்டால் போகவே வேண்டாம்.

வார விடுமுறையையும் பாருங்கள். காந்தி பஜார் வித்யார்த்தி பவன் (1943) வெள்ளிக்கிழமை கிடையாது. சங்கரபுரத்து பிராமின்ஸ் காபி பார் (1965) ஞாயிறு கிடையாது. அங்கே சாம்பாரும் கிடையாது, சட்னி மட்டும்தான், வருகிறவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். லால்பாக் ரோடு எம்.டி.ஆர் (1924) திங்கள் கிடையாது. கிளம்பும் முன் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

---

ஈரக்குப்பை_உலர்குப்பை

18 பேர் × 6 இடம் = 108 தட்டு, 108 கரண்டி. இரண்டு முறை காபி, டீ என்றால் 36 கப். தண்ணீர் பாட்டில் ஆளுக்கு இரண்டு என்றால் இன்னொரு 36. ஒரே ஒரு காலை நேரத்துக்கு இத்தனை.

கர்நாடகத்தில் 2016-லிருந்தே பிளாஸ்டிக் பை, தட்டு, கரண்டி எல்லாம் தடை. நாடு முழுக்க 2022 ஜூலை 1-லிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை. அதனால் தெருவில் இப்போது அதிகம் தென்படுவது காகிதக் கப்பும் வெள்ளிப் பூச்சுக் காகிதத் தட்டும். இவற்றைப் பார்த்து ஏமாற வேண்டாம். கப்பின் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கிறது. அது மக்காது, காகிதமாக மறுசுழற்சிக்கும் எளிதில் போகாது. எச்சில் ஒட்டியிருந்தால் உலர்குப்பை எடுப்பவர்களும் ஒதுக்கிவிடுவார்கள். தொன்னை, தையல் இலை, பாக்கு மட்டைத் தட்டு வாங்கும்போதும் உள்பக்கம் நகத்தால் சுரண்டிப் பாருங்கள், சிலவற்றில் படலம் ஒட்டி வருகிறது.

ஆளுக்கு ஒரு மூடி போட்ட எவர்சில்வர் டப்பா, ஒரு டம்ளர், ஒரு கரண்டி, ஒரு கைத்துண்டு, ஒரு லிட்டர் பாட்டில். வரும்போதே வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள். டப்பாவுக்கு மூடி அவசியம், மிஞ்சியதைக் கொட்டாமல் மூடி எடுத்துப் போகலாம். தெருக்கடையில் டப்பாவை நீட்டும்போது "உங்க கரண்டிக் கணக்குலயே போடுங்க" என்று சொல்லிவிடுங்கள். பெரிய டப்பாவைப் பார்த்தால் எவ்வளவு போடுவது என்று அவர்கள் தடுமாறுவார்கள்.

எல்லோரும் கொண்டுவருவார்கள் என்று நம்ப முடியாது. நான்கு செட் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். தட்டு வங்கி நடத்துகிறவர்கள் பெங்களூரில் இருக்கிறார்கள், திருமணம், விசேஷத்துக்கு எவர்சில்வர் தட்டு கொடுத்து வாங்குவார்கள். முன்கூட்டிக் கேட்டால் உங்களுக்கும் கிடைக்கும்.

இரண்டு துணிப்பை தனியாக: ஒன்று கடலைத் தோலுக்கு, ஒன்று உலர்குப்பைக்கு. வேகவைத்த கடலையை நடந்துகொண்டே உரித்துத் தோலைச் சாலையில் போடுவதுதான் பரிஷேயில் எல்லோரும் செய்வது. மறுநாள் காலை அதைக் கூட்டுகிற பௌரகார்மிகர்கள் (துப்புரவுப் பணியாளர்கள்) படும் பாட்டை அந்தத் தெருவில் நின்று பார்த்தால் புரியும். ஈரத்தோலும் காகிதக் கப்பும் கலந்து மிதிபட்டு ஒட்டிக்கொண்டால் பிரிக்கவே முடியாது, எல்லாம் சேர்ந்து குப்பைமேட்டுக்குத்தான் போகும். தோல் மட்டும் தனியாக இருந்தால் அது நல்ல உரம்.

---

சுங்கேனஹள்ளி

கேட்கிறேன் என்று தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வெளியூரிலிருந்து 18 பேர் இதற்கு வரவே வேண்டுமா?

பரிஷே யாரையும் ஈர்ப்பதற்காகத் தொடங்கியது அல்ல. பசவனகுடி என்று பெயர் வருவதற்கு முன் இது சுங்கேனஹள்ளி கிராமம். பயிரை மேய்ந்த காளைக்கு முதல் விளைச்சலைப் படைத்த கதை எல்லோருக்கும் தெரியும். கோயில் 1537-ல் கெம்பேகவுடர் கட்டியது. மானாவாரிக் கடலை அறுவடை முடிந்து, விவசாயி கையில் சரக்கும் கடனும் ஒன்றாக இருக்கிற நேரத்தில் அவனுக்கு நேரடியாக விற்க ஒரு இடம், இதுதான் இந்தச் சந்தையின் உயிர். இப்போது பாதித் தெருவில் பஜ்ஜி, பானிபூரி, பிளாஸ்டிக் பொம்மை, ராட்டினம். வருகிற கூட்டம் படம் எடுத்து, பஜ்ஜி தின்று, 100 கிராம் வறுகடலை வாங்கிப் போகிறது. கூட்டம் பெருகியதால் கடலைக்காரனுக்கு எவ்வளவு கூடியது என்பதைத்தான் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கூடியது சத்தமும் குப்பையும்.

வி.வி.புரம் தின்டி பீதியிலும் இதே சிக்கல். மாலை நேர உணவுத் தெரு, குறுகல், இரண்டு பக்கமும் வீடுகள். ஜனவரி அவரைமேளா (மொச்சைத் திருவிழா) அங்கே நடந்துகொண்டிருந்தது, நெரிசல் தாங்காமல் 2023-ல் நேஷனல் காலேஜ் மைதானத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

---

மானாவாரி

சுங்கேனஹள்ளி சொல்வதில் பாதிக்கு முழு உடன்பாடு. ஆனால் வரவே வேண்டாம் என்பதில் இல்லை. வருகிறவர் கடலை வாங்கினால் அந்தச் சந்தைக்கு அவர் தேவை. 18 பேரும் ஆளுக்கு 2 கிலோ என்றால் 36 கிலோ. ஒரு குடும்பம் கொண்டுவரும் மூட்டையில் ஒன்று இரண்டு காலி. யாரிடம் வாங்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

விளைவித்தவரையும் வாங்கி விற்பவரையும் பிரித்தறிய:

தார்ப்பாயில் ஒரே ரகம், ஒரே குவியல், காயில் மண் ஒட்டியிருக்கும், நடுவே சருகும் காம்பும் கிடக்கும், குடும்பத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். இவர்கள் பெரும்பாலும் விளைவித்தவர்கள். ராமநகரம், மாகடி, கோலார், சிந்தாமணி பக்கம் மட்டுமல்ல, தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்தும் வருகிறார்கள், தமிழிலேயே பேசலாம். நான்கைந்து ரகம் அடுக்கி, கழுவிய காய், வறுத்தது, மசாலா எல்லாம் வைத்திருந்தால் அவர் வியாபாரி. வியாபாரியிடம் வாங்குவது தப்பில்லை, அவருக்கும் அது ஒரு பிழைப்பு. ஆனால் விவசாயிக்கு என்று சொல்லி அழைத்துவந்தால் விவசாயியிடம் போங்கள்.

எந்த ரக விதை என்று கேளுங்கள். மணி இரண்டு உள்ள சின்னக் காய் டி.எம்.வி.2 ஆக இருக்கலாம். அது நம் திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்தில் 1940-ல் வெளியான ரகம், இன்றும் கர்நாடக மானாவாரி நிலங்களில் நிற்கிறது. மூன்று நான்கு மணி உள்ள நீளக் காய் வேறு இனம், வேகவைக்க ருசி. இப்படி ஐந்து நிமிடப் பேச்சு நடந்தால் அது சுற்றுலாவுக்கே அர்த்தம் கொடுக்கும்.

அளவு: இங்கே இன்னும் சேர், படி புழக்கத்தில் உண்டு. குவித்து அளக்கிறாரா, தலைதட்டி அளக்கிறாரா என்று முதலிலேயே பார்த்துக்கொண்டு பேசுங்கள், அளந்தபின் சண்டை வேண்டாம். பேரம் ஒரு எல்லைக்கு மேல் வேண்டாம். காலையில் புது விலை. கடைசி நாள் மாலை அவர்கள் திரும்பச் சுமக்க முடியாமல் இறக்கித் தள்ளுவார்கள், அதற்காகக் காத்திருந்து வாங்குவதும் ஒரு வகையில் அடித்து வாங்குவதுதான்.

எல்லோரும் தவறு செய்யும் இடம் இது: பச்சைக் கடலையைப் பாலித்தீன் பையில் கட்டி ஊருக்கு எடுத்துப் போவது. புதிதாகப் பிடுங்கிய காயில் ஈரம் ஏராளம். மூடிக் கட்டினால் ஒரே இரவில் வியர்த்து, சூடேறி, பூசணம் பிடிக்கும். அந்தப் பூசணத்தின் நஞ்சு அஃப்ளாடாக்சின். வேகவைத்தாலும் வறுத்தாலும் போகாது. துணிப்பை அல்லது சாக்கு, வாய் திறந்தபடி. ஊர் போனதும் அன்றே பரப்பிவிட வேண்டும். வைத்துத் தின்ன வேண்டுமென்றால் மூன்று நான்கு நாள் நல்ல வெயில். காயைக் குலுக்கினால் மணி கலகலக்க வேண்டும். கருத்த, சுருங்கிய, கசக்கிற மணியைத் துப்பிவிடுங்கள்.

உடனே தின்பதற்கு: 1 கிலோ பச்சைக் காயை மூன்று தண்ணீரில் மண் போகக் கழுவி, மூழ்கத் தண்ணீர், 25 கிராம் கல்லுப்பு, குக்கரில் மூன்று நான்கு விசில். அடுப்பை அணைத்தபின் உப்புநீரிலேயே அரை மணி ஊறவிட்டால்தான் உப்பு உள்ளே இறங்கும்.

குழுவில் யாருக்காவது கடலை ஒவ்வாமை உண்டா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். பரிஷேயில் காற்றிலேயே வறுகடலைத் தூசி இருக்கும், "சாப்பிடாமல் கூட வருகிறேன்" என்று சமாளிக்க முடியாது.

---

அல்சூர்_ஏரிக்கரை

ஒரு விடுபடலைச் சொல்ல வேண்டும். பெங்களூர் உணவு நடை என்றாலே இட்லி, தோசை, காபி, ஹோளிகே (போளி). ராகி முத்தே (கேழ்வரகுக் களி உருண்டை), போட்டி (குடல் கறி), கால் சூப், தொன்னை பிரியாணி எங்கே? மிலிட்டரி ஹோட்டல்கள் என்னும் அசைவச் சாப்பாட்டுக் கடைகள் இந்த ஊர்ப் பண்பாட்டில் பாதி. அவை பட்டியலில் வராததால் அந்தச் சமையல் தெரிந்த குடும்பங்களுக்கு வர வேண்டிய பணமும் வருவதில்லை. அசைவம் சாப்பிடுகிறவர்கள் குழுவில் இருந்தால் ஒரு மதியம் அதற்கு ஒதுக்குங்கள். பல கடைகளில் அன்றைக்கு ஆக்கியது தீர்ந்தால் கதவைச் சாத்திவிடுவார்கள், 12.30-க்குள் உட்கார வேண்டும். 10 பேருக்கு மேல் என்றால் முந்தின நாளே சொல்லுங்கள், திடீரென்று போய் நின்றால் வாடிக்கையாளர் பங்கை நாம் தின்றதாகும். முத்தேயை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள், நம் பக்கத்துக் களி தின்றவர்களுக்குச் சிரமம் இருக்காது.

அடுத்த வருடம் பெங்களூர்க் கரகத் திருவிழாவுக்கும் ஆள் அழைத்துவரும் எண்ணம் இருந்தால் ஒன்று. சைத்ர பௌர்ணமி இரவு திகளர்பேட்டை தர்மராயர் கோயிலிலிருந்து கரகம் புறப்படுவது நள்ளிரவுக்கு மேல், காட்டன்பேட்டை தவக்கல் மஸ்தான் தர்காவில் நின்று போகும். அது திகளர் சமூகத்தின் விரதம், நிகழ்ச்சி அல்ல. கரகத்துக்குக் காவலாக வீரகுமாரர்கள் உருவிய வாளோடு வருவார்கள். ஃபிளாஷ் அடிப்பது, குறுக்கே புகுந்து செல்ஃபி எடுப்பது இரண்டும் அவமதிப்பு, ஆபத்தும் கூட. 18 பேர் குழுவாக அதற்கு வேண்டாம்.

---

சந்தைக்கணக்கு

பணம் யார் கைக்கு என்ற கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

ஒரு மாதிரிக் கணக்கு வையுங்கள். ஆளுக்கு 1,000 ரூபாய், மொத்தம் 18,000. சாப்பாடு 300, கடலை 300, பொறுப்பாளர் சம்பளம் 200, மெட்ரோ, ஆட்டோ 100, அவசரத்துக்கு 100. இதில் பெரும்பகுதி தெருவிலேயே தங்குகிற பணம். இதே 1,000-ல் வேன் வாடகை 400, இணையப் பதிவுத் தரகு 200, அமைப்பாளர் பங்கு 250 என்று போனால் கடைகளுக்கு மிஞ்சுவது 150. இரண்டு நடைக்கும் பெயர் ஒன்றுதான், தெருவில் சேர்கிற பணத்தில்தான் வித்தியாசம். உங்கள் கணக்கை வருகிறவர்களிடம் வெளிப்படையாகக் காட்டுங்கள்.

கடைக்காரரிடம் "ஆள் கூட்டி வருகிறோம், விளம்பரம் கிடைக்கும்" என்று இலவசமோ தள்ளுபடியோ கேட்கவே கூடாது. சின்னக் கடையில் ரொக்கமாகக் கொடுங்கள், அல்லது குழுவுக்கு ஒரே தடவை யூபிஐ. ஆறு பேர் ஆறு முறை 20 ரூபாய் அனுப்பினால் அவர் ஒவ்வொன்றுக்கும் போனைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

நடைபாதை வியாபாரி விஷயத்தில் இன்னொரு நுட்பம். 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி கணக்கெடுப்பு, சான்றிதழ், நகர விற்பனைக் குழு எல்லாம் உண்டு. அந்தக் குழுவில் 40 விழுக்காடு வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். ஆனால் நடைபாதையை அடைத்துக்கொண்டு நீங்கள் நின்றால் புகார் உங்கள் பேரில் போகாது, அந்த வண்டிக்காரர் பேரில்தான் போகும். அவர்தான் இடத்தை இழப்பார். அதனால் வாங்கியவுடன் பத்தடி தள்ளி நில்லுங்கள், நடப்பவருக்கு வழி விடுங்கள்.

வீட்டில் ஹோளிகே, சக்குலி (முறுக்கு) போட்டு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாசலை ரீல்ஸில் இடக்குறியோடு போடாதீர்கள். ஒரு நாளைக்கு 100 ஹோளிகே தட்டுகிற வீட்டில் ஒரே வாரத்தில் 500 பேர் வந்து நின்றால் அக்கம்பக்கம் சண்டை, பிறகு வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டுவார்.

---

ஜெயநகர்வாசி

எல்லோருக்கும் மிக்க நன்றி. சுங்கேனஹள்ளி ஐயா, உங்கள் கேள்வி நியாயமானது. அதை வைத்தே திட்டத்தை மாற்றியிருக்கிறேன்.

ஞாயிறு மதியம் வருகை, மாலை லால்பாக் மட்டும், பரிஷே பக்கம் போவதில்லை. திங்கள் காலை 6 மணிக்கு மூன்று குழுவாக, மெட்ரோவில். முதலில் கோயில், பிறகு கடலை வாங்குவது, 8.30-க்கு மேல் சிற்றுண்டி இரண்டே இடம். வித்யார்த்தி பவனுக்கு 6 பேர் மட்டும், ஆளுக்கு ஒரு தோசை. மற்ற 12 பேர் பிராமின்ஸ் காபி பாரும் ஒரு தர்ஷினியும், குழுவுக்கு ஒன்று என்று தொடங்கி மாறிக்கொள்வார்கள். மதியம் விருப்பப்பட்ட 9 பேருக்கு மிலிட்டரி ஹோட்டல். வேன் ரத்து. டப்பா, டம்ளர் பட்டியல் அனுப்பிவிட்டேன்.

இரண்டு சந்தேகம். பெரியவர்களுக்குக் கழிப்பறை? கடலை 36 கிலோவை யார் சுமப்பது?

---

காந்திபஜார்_நடை

மெட்ரோ நிலையத்தில் கழிப்பறை உண்டு, இறங்கியதும் எல்லோரும் போய்விட்டு வரட்டும். பரிஷேயில் நடமாடும் கழிப்பறை வைப்பார்கள், காலையில் சுத்தமாக இருக்கும், நேரம் போகப் போகத் தண்ணீர் தீர்ந்துவிடும். சிற்றுண்டி 8.30 என்பதை 8 ஆக்குங்கள். 68 வயதுக்காரர் 6 மணியிலிருந்து வெறும் வயிற்றோடு நடக்கக் கூடாது, சர்க்கரை மாத்திரை போடுகிறவராக இருந்தால் இன்னும் முக்கியம். கையில் இரண்டு வாழைப்பழம் இருக்கட்டும்.

காலணியைக் கோயில் வாசலில் ஒரே இடத்தில் விட்டால் 18 ஜோடி குவியும். குழுவுக்கு ஒரு துணிப்பை.

---

மானாவாரி

கடலையைக் கடைசியாக வாங்காதீர்கள், முதலிலேயே பேசி அளந்து மூட்டையைக் கட்டி அவரிடமே வைத்துவிடுங்கள். பாதிப் பணம் முன்பணம், போகும்போது மீதி. பெயர் எழுதிய சீட்டு ஒன்று மூட்டைக்குள், ஒன்று உங்கள் கையில். மூன்று விவசாயியிடம் 12 கிலோவாகப் பிரித்து வாங்குங்கள், ஒவ்வொரு குழுவும் தன் மூட்டையைப் பார்த்துக்கொள்ளும். சாக்கைக் கீழே வைத்து அதன்மேல் பெட்டி அடுக்க வேண்டாம், ரயிலில் மேல் அடுக்கில் காற்றுப் படும்படி வையுங்கள்.

மழை பெய்தால் அன்று பச்சைக் காய் வாங்க வேண்டாம். நனைந்த குவியலில் மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருக்கும். கையை முழங்கை வரை உள்ளே விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் அந்தக் குவியலை விட்டுவிட்டு அடுத்தவரிடம் போங்கள்.